கால் குடைச்சலுக்கு மெக்னீசியம்: எவ்வளவு நம்பலாம்?

படுத்த சிறிது நேரத்தில் கெண்டைக்காலுக்குள் குடைச்சல் தொடங்கும். வலி என்று சொல்ல முடியாது, எரிச்சலும் இல்லை. காலை நீட்டி மடக்கினால், குதிகாலைப் பாயில் தேய்த்தால் சற்றே விடும். அசைவை நிறுத்தியதும் திரும்ப வரும். எழுந்து கூடத்தில் நாலு நடை நடந்தால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வந்து படுத்தால் மறுபடி அதே கதை. விடியற்காலையில்தான் கண் அயரும். நாகர்கோவிலுக்குப் போகும் இரவுப் பேருந்தில், எல்லோரும் உறங்கிய பிறகு நடைபாதையில் எழுந்து நிற்கும் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு இது இருக்க வாய்ப்புண்டு.

முன்பெல்லாம் மருந்துக்கடையில் இதற்குக் கால்சியமும் பி-காம்ப்ளெக்ஸும் கொடுத்து அனுப்புவார்கள். அண்மைக் காலத்தில் அந்த இடத்தை மெக்னீசியம் பிடித்துக்கொண்டது. மாத்திரை, தண்ணீரில் கரைக்கும் தூள், காலில் அடிக்கும் ஸ்ப்ரே, குளியல் உப்பு என்று பல வடிவங்களில் வருகிறது. கால் அடங்கும், தூக்கமும் வரும் என்று இரட்டை வாக்குறுதி. மெக்னீசியத்தால் சிலருக்குக் கொஞ்சம் நன்மை இருக்கலாம் என்பதே ஆதாரங்களைப் பார்த்தபின் என் கணிப்பு. அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, பார்க்க வேண்டிய இரும்புச்சத்தைப் பார்க்காமல் விடுவதில் நஷ்டம் அதிகம்.

இரவில் காலில் வரும் தொந்தரவெல்லாம் ஒரே நோயல்ல. சதை திடீரென்று கல்லாக இறுகி, உயிர் போகிற வலியோடு ஆளை எழுப்பிவிடுவது குரக்கு வலி. அது சில நிமிடங்களில் விட்டாலும் மறுநாள்வரை சதை நோகும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வரும் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்தல் எல்லாம் நரம்புத் தேய்மானம். நடந்தால் அது போகாது. நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவரின் காலில் நரம்பு சுருண்டு கனத்தால், காலை உயரத் தூக்கி வைத்ததும் இதமாக இருக்கும். நாம் பேசும் குடைச்சலுக்கு வேறு அடையாளங்கள். காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் இருக்க வேண்டும். ஓய்வில் அது கூட வேண்டும், அசைத்தால் குறைய வேண்டும், மாலையிலும் இரவிலும் மோசமாக வேண்டும், வேறு நோயால் வந்ததாகவும் இருக்கக் கூடாது. மருத்துவர்கள் இதை ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்’ என்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பரிசோதனை. பொறுமையாகக் கேட்க ஆளில்லாததால்தான் பலருக்கு ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற பட்டமும் ஒரு சத்து ஊசியும் மிஞ்சுகின்றன.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேரிடம் இதன் சாயல் காணப்படுகிறது. சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இருப்பவர்கள் இரண்டு மூன்று பேர். ஆசியாவில் விகிதம் குறைவு. பெங்களூரு நகரவாசிகளிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் தெரியவந்தது.

லண்டன் மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672இலேயே இந்த நோயை விவரித்து எழுதிவிட்டார். அவர் கொடுத்த மருந்து அபின் கலந்த லாடனம். அது வேலையும் செய்தது. வேறெதற்கும் அடங்காத சிலருக்கு இன்றும் அந்தக் குடும்பத்து மருந்தைத்தான் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். பிறகு நெடுங்காலம் யாரும் இதைச் சீண்டவில்லை. சுவீடன் நரம்பியலாளர் கார்ல்-ஆக்செல் எக்போம் 1945இல் தனி நூலாகவே எழுதி, இதற்கு இன்றைய பெயரை வைத்தார். இரத்தசோகை உள்ளவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் இது அதிகம் என்று கவனித்தவரும் அவரே. 1953இல் அதே நாட்டில் நோர்ட்லாண்டர் என்பவர் நோயாளிகளுக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றி, குடைச்சல் நீங்குவதைக் கண்டார். அதோடு அந்தக் கதை அரை நூற்றாண்டு தூங்கியது.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கிறிஸ்டோஃபர் எர்லி, ரிச்சர்ட் ஆலன் குழுவினர் நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் இரும்புக் கணக்கு மற்றவர்களைப் போலவே இருக்க, அந்த நீரில் மட்டும் இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் குறைந்திருந்தது. உடம்புக்குக் கிடைத்த இரும்பு மூளைக்குப் போய்ச் சேரவில்லை. எம்.ஆர்.ஐ. படங்களும் அதையே காட்டின. டோபமைன் சுரக்க உதவும் நொதிக்கு இரும்பு வேண்டும். மூளையின் இரும்பும் டோபமைனும் இயல்பாகவே இரவில் இறங்குவதால், ஏற்கெனவே பற்றாக்குறையில் இருப்பவருக்கு இருட்டியதும் குடைச்சல் கிளம்புகிறது என்று விளக்குகிறார்கள். முழு விளக்கம் இது அல்ல. மரபணுவின் பங்கும் பெரியது. இருந்தாலும் இந்த நோயில் இரும்புக்கு இருக்கும் அடித்தளம் வேறெந்தச் சத்துக்கும் கிடையாது.

மெக்னீசியத்துக்கு என்ன இடம்? உடம்பில் இருப்பது மொத்தம் 25 கிராம் அளவு. பாதிக்கு மேல் எலும்பில், மீதி பெரும்பாலும் தசையிலும் மற்ற திசுக்களிலும். இரத்தச் சீரத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் சீரம் மெக்னீசியப் பரிசோதனை நார்மல் என்று வந்தாலும் உள்ளே குறை இல்லை என்று அடித்துச் சொல்ல முடிவதில்லை. நரம்பைத் தூண்டும் என்எம்டிஏ வாயில்களை அடைத்து வைப்பதும், தசையைச் சுருக்கும் கால்சியத்துக்கு எதிராக நிற்பதும் அதன் வேலைகள். மெக்னீசியம் உண்மையிலேயே வற்றிப்போனவருக்குக் கை கால் நடுங்கும், இழுத்துப் பிடிக்கும், வலிப்புகூட வரும். ஆகவே காலை அடக்க அது உதவலாம் என்ற ஊகம் அபத்தமானதல்ல. பிரசவ வார்டில் அதன் வலிமை நிரூபணமான ஒன்று. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பை மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்று 2002இல் பத்தாயிரம் பெண்களைக் கொண்ட ‘மேக்பை’ ஆய்வு காட்டியது. 2006இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குறிப்பும் அந்த வார்டைச் சேர்ந்ததுதான். குறைமாதப் பிரசவத்தைத் தடுக்க அந்த மருந்தை நரம்பில் ஏற்றிய ஒரு கர்ப்பிணிக்கு, பாடாய்ப் படுத்திய கால் குடைச்சல் அடங்கிப்போனது. ஒரே ஒரு பெண், நரம்பு வழி மருந்து, பெரிய அளவு. இரவில் விழுங்கும் வில்லைக்கு இதைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

வில்லைக்கான முதல் சாட்சி ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரிலிருந்து 1998இல் வந்தது. மாக்தலேனா ஹோர்ன்யாக் குழுவினர் பத்து பேருக்கு மாலைதோறும் சுமார் 300 மி.கி. மெக்னீசியத்தை நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்து, தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தூக்கத்தில் கால் தானாக உதறும். விழிப்பை உண்டாக்கும் உதறல் மணிக்கு 17லிருந்து 7ஆகக் குறைந்தது. படுக்கையில் கழித்த நேரத்தில் தூங்கிய பங்கு 75 சதவீதத்திலிருந்து 85 ஆனது. எண்கள் கவர்ச்சியானவைதான். ஆனால் இருந்ததே பத்து பேர். ஒப்பிட வெற்று மாத்திரை தரப்பட்ட குழுவும் இல்லை. இன்றும் மெக்னீசிய விளம்பரங்களுக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் இந்த ஒரு ஆய்வுதான்.

அதன்பின் இருபது ஆண்டுகளில் சேர்ந்ததை 2019இல் மார்ஷல் என்பவரும் குழுவினரும் தொகுத்தார்கள். எட்டே எட்டு ஆய்வுகள் தேறின. அவற்றில் குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்தது ஒன்று. மற்றவை தனிநபர் விவரங்களும் சிறு தொகுப்புகளும். அந்த ஒரு ஆய்வில் மெக்னீசியத்துக்கும் வெற்று மாத்திரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதுவும் முடிவாகச் சொல்லும் அளவுக்கு ஆள் இல்லாத ஆய்வு. பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

பிறகு 2022இல் ஈரானிலிருந்து ஒன்று வந்தது. 75 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, 25 பேருக்கு 250 மி.கி. மெக்னீசியம் ஆக்சைடு, 25 பேருக்கு 40 மி.கி. வைட்டமின் பி6, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று இரண்டு மாதம் கொடுத்தார்கள். குடைச்சலின் கடுமையும் தூக்கத்தின் தரமும் மெக்னீசியக் குழுவில்தான் அதிகம் தேறின. பி6 குழு இரண்டாவது. இதுவரை வந்தவற்றில் மெக்னீசியத்துக்கு மிகச் சாதகமான ஆய்வு இது. எனக்கு ஒரு தயக்கம்: அந்த அளவு ஆக்சைடிலிருந்து உடம்பு உறிஞ்சுவது மிகச் சொற்பம், அதற்கு இவ்வளவு விளைவா? வேறொரு குழு இதைத் திரும்பச் செய்து காட்டும்வரை நல்ல அறிகுறி என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2024இல் சிட்ரேட்டை வைத்து நடந்த சிறு முன்னோட்டமும் சாதகமாகவே வந்தது. அதிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை.

ஒப்பீட்டுக் குழுவை இவ்வளவு வற்புறுத்தக் காரணம், மருந்தே இல்லாத மாத்திரைக்கு வெகுவாக இணங்கும் நோய்களில் இது ஒன்று. பல மருந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல முன்னேற்றம். நம்பிக்கையே டோபமைனைக் கொஞ்சம் தூண்டும் என்பதால் இதில் வியப்பில்லை. போதாததற்கு இந்தக் குடைச்சல் தானாகவே வந்து போகும். சில வாரம் ஆட்டிவைக்கும், பிறகு மாதக்கணக்கில் காணாது. தாங்க முடியாத வாரத்தில்தான் மனிதர் மாத்திரை வாங்குகிறார்; எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த வாரம் சற்றுக் குறைந்திருக்கும். ‘எனக்குக் கேட்டது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. எது கேட்டது என்பதுதான் அவருக்குத் தெரிய வழியில்லை.

குரக்கு வலி விஷயத்தில் படம் இன்னும் தெளிவு. இஸ்ரேலில் 94 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், மெக்னீசியம் ஆக்சைடு சாப்பிட்டவர்களுக்கு வாரத்துக்கு எட்டு முறை போல வந்த பிடிப்பு நான்கரைக்கு இறங்கியது. வெற்று மாத்திரைக் குழுவில் எட்டரை, ஐந்தரை ஆனது. இரண்டு குழுவும் தேறின, வேறுபாடு இல்லை. முதியவர்களின் குரக்கு வலிக்கு மெக்னீசியத்தால் பயன் இருக்க வாய்ப்பில்லை என்றே காக்ரேன் தொகுப்பாய்வும் 2020இல் சொன்னது. கர்ப்பிணிகளிடம் முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக உள்ளன.

தூக்கத்துக்கு? 2012இல் ஈரானில் 46 முதியவர்களுக்கு எட்டு வாரம் 500 மி.கி. கொடுத்த ஆய்வில் தூக்கமின்மையின் மதிப்பெண் குறைந்தது, சீக்கிரம் உறங்கினார்கள். இதையும் சேர்த்து முதியவர்களிடம் நடந்த மூன்று ஆய்வுகளை, மொத்தம் 151 பேர், 2021இல் ஒன்றாகக் கணக்கிட்டார்கள். கண் அயர ஆகும் நேரம் 17 நிமிடம் குறைந்தது. மொத்தத் தூக்கம் 16 நிமிடம் கூடியதுபோல் தெரிந்தாலும் அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆதாரத்தின் தரம் தாழ்வு என்று கணக்கிட்டவர்களே எழுதினார்கள். மலச்சிக்கலோடு படுக்கப் போகும் முதியவருக்கு வயிறு இளகினாலே தூக்கம் நன்றாக வரும், அதுவும் இதில் கலந்திருக்கலாம் என்பது என் சொந்த ஊகம்.

இவ்வளவுக்குப் பிறகும் முயன்று பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், டப்பாவைத் திருப்பி சிறிய எழுத்தைப் படியுங்கள். முன்பக்கம் ‘மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.’ என்று இருக்கும். அதில் உண்மையான மெக்னீசியம் 140 மி.கி. போலத்தான், மற்றது கிளைசின். சிட்ரேட்டில் நூற்றுக்குப் பதினாறு பங்கு. ஆக்சைடில் அறுபது பங்கு இருந்தாலும் உறிஞ்சப்படுவது கொஞ்சம். மீதி குடலில் தங்கித் தண்ணீரை இழுத்து வயிற்றைப் போக வைக்கும். பின்பக்கம் ‘எலிமென்ட்டல்’ என்று கொடுத்திருக்கும் எண்தான் கணக்கு. அமெரிக்க வரம்புப்படி மாத்திரையாகச் சேர்ப்பது நாளுக்கு 350 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. ஐரோப்பிய வரம்பு 250. உணவில் வருவதற்கு வரம்பில்லை. எள், பூசணி விதை, நிலக்கடலை, பயறு, கீரை எல்லாவற்றிலும் தாராளம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 140 மி.கி. உண்டு, தீட்டிய வெள்ளை அரிசியில் அதில் கால் பங்குகூடத் தேறாது. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியுமாக இருப்பவர் ஒரு வேளை கூழுக்கு மாறினால் அதுவே கணிசமான சேர்க்கை.

குளியல் உப்பைப் பற்றி இரண்டு வரி போதும். நம் பாட்டிமார் பேதியுப்பு என்று அறிந்திருந்த மெக்னீசியம் சல்ஃபேட்டேதான் அது, இங்கிலாந்தின் எப்சம் ஊற்றில் கிடைத்ததால் அந்த ஊர்ப் பெயரோடு விற்கிறார்கள். தோல் வழியாக மெக்னீசியம் உள்ளே போகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. வெந்நீரில் காலை வைத்தால் சுகம்தான், அதற்கு உப்பு தேவையில்லை.

மெக்னீசியக் குறைபாடு உண்மையிலேயே வரக்கூடியவர்கள் உண்டு. நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருபவர், காலையில் வெறும் வயிற்றில் ‘கேஸ் மாத்திரை’ போடாமல் நாளைத் தொடங்காதவர். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் மெக்னீசியம் இறங்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இல் எச்சரித்தது. அதே மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைத்து இரும்பு உறிஞ்சப்படுவதையும் கெடுக்கிறது. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர், கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர், தினமும் குடிப்பவர் ஆகியோரும் இந்த வரிசை. இவர்களுக்குப் பரிசோதித்து மெக்னீசியம் கொடுப்பது சரியான வைத்தியம்.

தொடவே கூடாதவர்களும் உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்கு மிஞ்சிய மெக்னீசியத்தை வெளியேற்ற வழியில்லை. அது ஏறினால் சோர்வு, இரத்த அழுத்தம் விழுதல், கடைசியில் மூச்சும் இதயத் துடிப்பும் மந்தமாவது வரை போகும். பிரசவ வார்டில் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் செவிலியர் முழங்காலில் தட்டி உதறல் வருகிறதா என்று பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், சிறுநீர் அளவைக் குறிப்பதும் இதற்காகத்தான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் நான்கில் ஒருவருக்காவது இந்தக் குடைச்சல் இருக்கிறது. யாருக்கு இது மிகக் கடுமையோ அவருக்கே இந்த வில்லை ஆபத்து. யாரோ சொன்னார்கள் என்று வாங்கிவிடக் கூடாது.

இரும்புக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். குடைச்சல் என்று வரும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து, பதினொன்றரை, பன்னிரண்டு இருந்தால் பரவாயில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். கிடங்கு காலியாகி வெகுநாள் கழித்துத்தான் ஹீமோகுளோபின் இறங்கும். பார்க்க வேண்டியது ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும். ஃபெரிட்டின் 15, 20 இருந்தாலே ஆய்வகத் தாள் நார்மல் என்று அச்சடிக்கலாம்; இந்த நோய்க்கு அது போதாது. 75க்குக் கீழே இருந்தால், அல்லது டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், பெரியவர்களுக்கு இரும்பு கொடுக்கலாம் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும் என்பதால் அந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும். ஆண்களிடமோ மாதவிடாய் நின்ற பெண்களிடமோ இரும்பு குறைந்திருந்தால், குடலில் எங்கே இரத்தம் கசிகிறது என்றும் தேட வேண்டும். கால் குடைச்சலால் போய்க் குடல் புற்றுநோய் ஆரம்பத்திலேயே பிடிபட வழி உண்டு. மெக்னீசிய டப்பாவால் அது நடக்காது.

அந்த வழிகாட்டுதலில் இன்னொரு பெரிய மாற்றம் உண்டு. பிராமிபெக்சோல், ரோபினிரோல் முதலிய டோபமைன் மருந்துகளைத்தான் பல ஆண்டுகள் முதலில் எழுதிவந்தார்கள். முதல் வாரமே அற்புதமாகக் கேட்கும். நாளடைவில் குடைச்சல் மாலைக்குப் பதில் மதியமே தொடங்கும், கைக்கும் பரவும், அளவைக் கூட்டக் கூட்ட மோசமாகும். சிலருக்குச் சூதாட்ட வெறிகூட வந்தது. இப்போது அவற்றை வழக்கமாகத் தரவேண்டாம் என்று சொல்லி, கபாபென்டின், பிரிகாபலின் வகையையும் நரம்பு வழி இரும்பையும் முன்னால் வைத்திருக்கிறார்கள். பரிந்துரைத்த சிகிச்சைகளில் மெக்னீசியம் இல்லை.

மருந்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வீட்டிலுள்ள மாத்திரைகளை எல்லாம் எடுத்துப் பாருங்கள். தூக்கம் வரவைக்கும் பழைய வகை சளி மாத்திரைகள், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, மனச்சோர்வுக்கான பல மாத்திரைகள் இந்தக் குடைச்சலைக் கிளப்பிவிடும். தூக்கமில்லை என்று சளி மாத்திரை போட்டு, அதனால் கால் குடைந்து, அதற்கு மெக்னீசியம் வாங்குபவர்கள் உண்டு. மனநல மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். மாலைக் காப்பியையும் இரவு மதுவையும் இரண்டு வாரம் விட்டுப் பார்ப்பதற்குச் செலவில்லை.

கடைசியாக நேரக் கணக்கு. இரும்பு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டு, காப்பி டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினைத் திரும்பப் பார்க்கலாம். மெக்னீசியத்தை அதனோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு ஏறுவது குறையும். தைராய்டு மாத்திரைக்கும் மெக்னீசியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஆகியவற்றோடும் சேர்க்கக் கூடாது. கபாபென்டினும் அப்படியே: மெக்னீசியம் கலந்த ஆன்டாசிடோடு சாப்பிட்டால் அது உடம்பில் சேர்வது ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டையும் சாப்பிடுபவர் மெக்னீசியத்தை மாலைச் சிற்றுண்டியோடு ஆறு மணிக்கு முடித்துவிட்டு, எட்டு மணிக்கு மேல் கபாபென்டினை எடுத்துக்கொள்ளலாம்.